சட்டியும் அகப்பையும் பீரோச் சாவியும்

(ஆகஸ்ட் 12, நூலகர் நாளன்று, பள்ளிப் பிள்ளைகளின் வாசிப்புக்கு உதவும் ஆசிரியர் தன்னார்வக் குழுவின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் ஐயா அவர்களே, பள்ளிப் பார்வைகளுக்கு நடுவே நேரம் ஒதுக்கி வந்திருக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியாக இருந்து, கூட்டம் என்றால் அரை மணி முன்பே வந்து பாய் விரிக்கும் அம்மா அவர்களே, கிளை நூலகர் அவர்களே, தலைமையாசிரியப் பெருமக்களே, ஓய்வுபெற்றும் ஓயாத என் சக ஆசிரியர்களே, இடைநிலை ஆசிரியத் தங்கைகளே, தம்பிகளே, மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த அன்பரே, ஒலிபெருக்கித் தம்பியே, பின்வரிசையில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும் ஐந்தாம் வகுப்புச் செல்வங்களே, எல்லாருக்கும் வணக்கம். யார் பெயரையாவது விட்டிருந்தால் பொறுத்தருள வேண்டும். மேடையில் பெயர் விடுபடுவது எவ்வளவு பெரிய குற்றம் என்பது எனக்குத் தெரியும்.

'சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்' என்பார்கள். பிள்ளை வாசிக்கவில்லை, பிழையாக எழுதுகிறது, வாய் திறந்து நாலு வார்த்தை பேசவில்லை என்று குறைப்படும்போதெல்லாம் நாம் அகப்பையைத்தான் திட்டுகிறோம். சட்டியை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. இன்று சீர்காழி தந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதனின் பிறந்த நாள். அவர் வகுத்து 1931இல் நூலாக வெளியிட்ட நூலக விதிகள் ஐந்து. அந்த ஐந்தையும் நம் பள்ளிகளுக்குப் பொருத்தி ஐந்து செய்திகள் சொல்லப்போகிறேன். முப்பது நிமிடம் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். பார்ப்போம்.

அரங்கநாதன் நூலகராகப் பிறந்தவர் அல்லர். கணக்கு வாத்தியார்! ஆமாம், நம்ம ஆள். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றார். போன சில நாளிலேயே அவருக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. நாள் முழுக்கப் பேச்சுத் துணைக்கு ஆளில்லை. மாணவர் கூட்டத்துக்கு நடுவே நின்று பழகிய மனிதரைப் புத்தகக் கட்டுகளுக்கு நடுவே உட்காரவைத்தால் எப்படி இருக்கும்? இங்கே ஓய்வுபெற்ற மறுநாள் காலை ஒன்பது மணியை அனுபவித்தவர்களுக்கு அது புரியும். பழைய வேலையே போதும் சாமி என்று கல்லூரி முதல்வரிடம் திரும்பி வந்து நின்றார். 'முதலில் லண்டனுக்குப் போய் நூலகவியலைப் படித்து வா. வந்த பிறகும் சலிப்பாக இருந்தால் பார்க்கலாம்' என்ற மாதிரி அவரைத் தேற்றி அனுப்பினார்கள்.

லண்டனில் என்ன பார்த்தார்? பல நூலகங்கள் பார்த்தார். அவற்றில் பிள்ளைகளுக்கும் இடம் இருந்தது, உழைப்பாளிகளுக்கும் இடம் இருந்தது. அப்புறம் ஒரு பொம்மைக் கடைக்குள் போனார். கணக்கு வாத்தியார் பொம்மைக் கடையில் என்ன செய்வார்? மெக்கானோ என்று ஒரு விளையாட்டுப் பெட்டி. தகடு, திருகு, சக்கரம் எல்லாம் தனித்தனியாக இருக்கும். மாற்றி மாற்றிப் பூட்டினால் வண்டியும் வரும், பாலமும் வரும், பளுதூக்கியும் வரும். அதைப் பார்த்தவுடன், புத்தகங்களின் பொருளையும் இப்படித் துண்டு துண்டாகப் பிரித்துப் பூட்டலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1933இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை, அதாவது நூல்களைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்கும் அவருடைய முறை, அந்தப் பொம்மைப் பெட்டியில் முளைத்ததுதான். பிள்ளைகள் விளையாடுவதை வீண்பொழுது என்று சொல்லும் பெற்றோர் இங்கே யாராவது இருந்தால் கொஞ்சம் யோசிக்கட்டும். ஊருக்குத் திரும்பியவர் பல்கலைக்கழக நூலகத்தின் அடுக்குகளை வாசகருக்குத் திறந்துவிட்டார். உள்ளே வா, நீயே எடு, நீயே புரட்டு. கல்லூரிக்குத் திரும்பும் பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவேயில்லை.

அதே 1931இல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் எஸ். வி. கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர் ஒரு மாட்டுவண்டியைப் புத்தக வண்டியாக மாற்றி ஊர் ஊராக அனுப்பினார். தஞ்சைச் சீமையில் நெல் மூட்டை ஏற்றிய வண்டிகளுக்கு நடுவே புத்தகம் ஏற்றிய ஒரு வண்டி! அகப்பையைத் திட்டிக்கொண்டு உட்காராமல் சட்டியையே தூக்கிக்கொண்டு போன மனிதர். இன்று நம்மிடம் மோட்டார் சைக்கிள் இருக்கிறது, சாலை இருக்கிறது. வண்டி கிடக்கட்டும், ஒரே அறைக்குள் இருக்கும் பீரோவிலிருந்து பாய்க்குப் புத்தகம் வந்து சேர்வதில்லை.

அதுதான் முதல் விதி: நூல்கள் பயன்படுத்துவதற்கே. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நூல்களைச் சங்கிலியால் அடுக்கோடு கட்டிவைத்திருந்தார்கள். இங்கிலாந்தில் ஹெரிஃபோர்டு பேராலயத்தில் அந்தச் சங்கிலி நூலகத்தை இன்றும் பார்க்கலாம். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். தலைமையாசிரியர் அறையில் இரும்பு பீரோ, அதற்கு ஒரு சாவி, சாவி மேசை இழுப்பறையில், இழுப்பறைக்கும் ஒரு பூட்டு.

தலைமையாசிரியர்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருள் தணிக்கை நாளில் இருந்தாக வேண்டும். பிள்ளை கையில் கொடுத்த புத்தகம் கிழியும், நனையும், தம்பிப் பாப்பா வாய்க்குள் போகும். பதில் சொல்ல வேண்டியவர் அவர். பயப்படாமல் என்ன செய்வார்? சட்டியில் இல்லாமலில்லை ஐயா, சட்டிக்கு மூடி போட்டு அதன்மேல் அம்மிக்கல்லை வைத்திருக்கிறோம். கல்வி உரிமைச் சட்டம் 2009இன் அட்டவணையைப் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும், அதில் செய்தித்தாள், இதழ்கள், கதைப் புத்தகங்கள் உட்பட எல்லாப் பாடங்களையும் பற்றிய நூல்களும் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. பீரோ இருக்க வேண்டும் என்று இல்லை.

நம் குழு தத்தெடுக்கும் பள்ளிகளில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறோம். குழு வாங்கித் தரும் புத்தகத்தைப் பள்ளி இருப்பில் ஏற்றக் கூடாது. அது குழுவின் சொத்து, பள்ளியில் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இரண்டு வரித் தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் தலைமையாசிரியர் நிம்மதியாகத் தூங்குவார். இரவல் பதிவேட்டுக்கு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, பெயர், புத்தக எண், திரும்பிய தேதி என்று நாலு கட்டம். அதை ஆசிரியர் எழுதக் கூடாது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர், வாரம் ஒரு ஜோடி. ஆசிரியர் எழுதினால் ஆண்டு விழா வரும் மாதத்தில் நோட்டு நின்றுபோகும். பிள்ளைகள் எழுதினால் நிற்காது, பக்கத்து வகுப்புக்காரன் புத்தகம் தராததை அவர்கள் மறக்கவே மாட்டார்கள். ஆண்டுக்குப் பத்தில் ஒரு புத்தகம் போகும் என்று முதலிலேயே கணக்கு வையுங்கள். 'தொலைந்தது' என்று எழுதாதீர்கள், 'தேய்மானம்' என்று எழுதுங்கள். அபராதம் மட்டும் வேண்டவே வேண்டாம். அபராதம் போட்ட மறுவாரம் ஏழைப் பிள்ளை புத்தகம் எடுப்பதை நிறுத்திவிடும்.

நன்கொடையாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். வீட்டைக் காலி செய்யும்போது கிடைக்கும் மூட்டையை அப்படியே அனுப்பாதீர்கள். பிரித்தால் போட்டித் தேர்வு வழிகாட்டி, ஜோதிடம், அட்டையில்லாத தொடர்கதைக் கட்டு, பழைய டைரி. பத்துக்கு இரண்டு தேறினால் அதிர்ஷ்டம். நல்ல சிறுவர் நூலாகவே இருந்தாலும் அச்சான ஆண்டைப் பாருங்கள். எழுத்துச் சீர்திருத்தம் 1978இல் வந்தது. அதற்கு முந்தைய நூல்களில் லை, ளை, னை, ணை எல்லாம் யானைத் துதிக்கை தூக்கி நிற்கும். ணா, றா, னா சுழித்துக்கொண்டு கிடக்கும். நமக்கு அது பாசம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது வேற்று எழுத்து. முதல் பக்கத்திலேயே 'எனக்குப் படிக்கத் தெரியல' என்று முடிவு கட்டிவிடும். அவற்றைப் பெரியவர்களுக்காகக் கிளை நூலகத்தில் சேர்த்துவிடலாம், நூலகர் இங்கேயே இருக்கிறார். மூட்டைக்குப் பதில் பணமாகக் கொடுத்தால் பதினாறு பக்கப் படக்கதை நூல்கள் வாங்குவோம்.

அந்தப் பதினாறு பக்க நூலுக்கு முதுகு கிடையாது. அடுக்கில் நிற்கவைத்தால் பெயரும் தெரியாது, படமும் தெரியாது. கயிற்றில் தொங்கவிட வேண்டும். பன்னிரண்டு அடி நைலான் கயிறு, துணி காயப்போடும் கிளிப், நாலடிக்கு ஓர் ஆணி. இரு முனையில் மட்டும் கட்டினால் நடுவில் தொய்ந்து எல்லாப் புத்தகமும் ஓரிடத்தில் குவியும். ஒரு வரிசையில் பதினான்கு புத்தகம் நிற்கும். உயரம் மூன்றடி, பிள்ளையின் மார்பளவு. நம் கண்ணுக்கு அழகாக ஐந்தடியில் கட்டிவிட்டு வந்தால், அது அதிகாரி பார்வைக்கு வைத்த கண்காட்சி. அலுவலர் ஐயா மன்னிக்க வேண்டும்.

இன்னொன்று, தாள்களைச் சேர்த்துப் பிடிக்கும் கம்பிப் பின். ஐப்பசி மழை ஈரத்தில் பின் துருப்பிடித்து நடுத்தாளைத் தின்றுவிடும். வாங்கியதும் பின்னைக் கழற்றி, அதே மடிப்பில் மூன்று துளை போட்டு, தடித்த நூலால் நடுத்துளையில் தொடங்கி நடுத்துளையிலேயே முடிச்சுப் போடுங்கள். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள். இரண்டு வருடத்தில் மஞ்சளித்துப் பசை கசிந்து பக்கத்துத் தாளையும் பிடித்துக்கொள்ளும். மெல்லிய தாளும் மைதா பசையும் போதும். பைண்டிங் கடையில் பூச்சி வராமல் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது நஞ்சு. எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டும் பிள்ளைகளின் புத்தகத்துக்கு அது ஆகவே ஆகாது. அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே காய்ச்சுங்கள், நிழலில் உலர்த்துங்கள்.

இரண்டாவது விதிக்கு வருகிறேன். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கேற்ற நூல். பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நூல்களை நாலு படியாகப் பிரித்திருக்கிறது. அழகான பெயர்கள். ஆனால் வகுப்பைப் பார்த்துப் படியைக் கொடுக்காதீர்கள். ஐந்தாம் வகுப்பில் 'நுழை'யில் நிற்கும் பிள்ளை உண்டு. அதன் கையில் மூன்றாம் வகுப்புத் தம்பிக்கு முன்னால் சின்னப் புத்தகத்தைக் கொடுத்தால் அவமானப்படும். 'ஒன்றாம் வகுப்புப் பாப்பாவுக்கு நீ வாசித்துக்காட்டணும், ஒத்திகை பார்' என்று கொடுங்கள், வாங்கிக்கொள்ளும்.

வாசிக்கக் கேட்கும் ஆசிரியருக்குச் சில கண்டிப்புகள். ஒருவருக்கு ஆறு பிள்ளைகள், ஒரு பிள்ளைக்கு ஐந்து முதல் ஏழு நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். சொல்லில் தட்டி நின்றால் மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். நமக்கு ஒன்று எண்ணுவதற்குள் வாய் திறந்துவிடும், முப்பது வருடப் பழக்கம். 'வீட்டிற்கு' என்பதை 'வீட்டுக்கு' என்று வாசித்தால் திருத்தாதீர்கள். பொருள் புரிந்துதான் அப்படி வாசிக்கிறது, நீங்கள் கைதட்ட வேண்டிய இடம் அது. படத்தைப் பார்த்து மனப்பாடமாகச் சொன்னால் ஏமாற்று என்று நினைக்காதீர்கள். எல்லாரும் ஏறிய முதல் படி அது. உண்மையான தடங்கல் வேறு இடங்களில் இருக்கிறது. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் எழுத்துக்கு முன்னால் நிற்கின்றன, ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ'வில் முன்னும் பின்னும் அடையாளம். பிள்ளையின் கண் இடமிருந்து வலமாகத்தானே போகும்? இன்னொன்று, சொல்லோடு சொல் சேரும் புணர்ச்சி. 'போய்விட்டதென்றெண்ணி' என்று ஒரே சங்கிலியாக அச்சிட்டிருந்தால் எழுத்துத் தெரிந்த பிள்ளையும் மூச்சுமுட்டும். நூல் வாங்கும்போது ஒரு பக்கத்தைப் புரட்டி, சொற்கள் பிரித்து அச்சாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். விலையைப் பிறகு பார்க்கலாம். சட்டியில் இருந்தால் போதாது, கரண்டிக்கு அகப்படும் பதத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர். யாரும் எடுக்காத புத்தகத்தை உரக்க வாசித்துக்காட்டினால் மறுநாள் அதற்குச் சண்டை நடக்கும். தரையில் உட்கார்ந்து, புத்தகத்தைத் தோளுக்குப் பக்கத்தில் படம் பிள்ளைகளைப் பார்க்கப் பிடியுங்கள். முந்தைய நாளே வீட்டில் ஒருமுறை வாசித்துவிட்டு வாருங்கள். முடித்ததும் 'இந்தக் கதையின் நீதி என்ன?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

தலைவர் மணியடித்துவிட்டார். நாலாவது ஐந்தாவது விதிகள் அடுத்த கூட்டத்துக்கு. அலுவலர் ஐயாவை வைத்துக்கொண்டு வந்த காரியத்தைச் சொல்லாமல் இறங்க மாட்டேன், இரண்டே நிமிடம். சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரி கட்டும் மக்கள் நாம். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னையில்தான் வந்தது, அதற்குப் பின்னால் இருந்தவரும் இந்தக் கணக்கு வாத்தியார்தான். அந்த உரிமையில் கேட்கிறோம். தொடக்கப் பள்ளிகளில் வீட்டுக்குக் கொடுத்து வாங்கும் கதைப் புத்தகங்களில் ஆண்டுக்குப் பத்தில் ஒன்றை, மேலாண்மைக் குழுத் தீர்மானத்தின் பேரில், ஆசிரியர் பணம் கட்டாமல் பதிவேட்டிலிருந்து கழிக்க அனுமதிக்க வேண்டும். ஒரு பக்கக் கடிதமாக எழுதிவைத்திருக்கிறோம். தலைமையாசிரியர்கள் கையெழுத்திட்டால் இன்றே ஐயா கையில் கொடுத்துவிடுவோம்.

கடிதம் வாசல் மேசையில் இருக்கிறது. பக்கத்து மேசையில் ஊசி, நூல், காலையில் காய்ச்சிய மைதா பசை, பின் கழற்ற வேண்டிய நாற்பது புத்தகங்கள். தேநீர் குடித்தவர்கள் கையைத் துடைத்துவிட்டு ஆளுக்கு ஒன்று தைத்துக் கொடுத்துவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.