மேற்கோளை எண்ணும் முன் படியுங்கள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஓர் அறிவியலாளரின் பெயரை, ஆய்வுக் கட்டுரைகளைத் தேட உதவும் கூகுள் ஸ்காலரில் தேடினால் பெயருக்குப் பக்கத்தில் சில எண்கள் வந்து நிற்கின்றன. அவருடைய கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், கட்டுரைகளையும் மேற்கோள்களையும் சேர்த்து ஒரே எண்ணாக்கும் அவருடைய எச்-குறியீடு எவ்வளவு என்று அவை சொல்கின்றன. வேலை, பதவி உயர்வு, ஆய்வு நிதி என்று பலவும் இன்று பல இடங்களில் அந்த எண்களைப் பார்த்தே முடிவாகின்றன. அந்த எண்களுக்குள் என்ன இருக்கிறது என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

எந்தக் கட்டுரையை எவை மேற்கோள் காட்டின என்று பட்டியலிடும் மேற்கோள் அட்டவணை என்ற யோசனையை யூஜீன் கார்ஃபீல்டு 1955இல் சயின்ஸ் இதழில் முன்வைத்தார். ஒரு பழைய கட்டுரையைப் பிறகு வந்தவர்கள் யார் ஏற்றார்கள், யார் மறுத்தார்கள் என்று தேடிப் படிக்க ஒரு வழி வேண்டும் என்பதே அவர் நோக்கம். தவறான தரவை அறியாமல் யாரும் கையாண்டுவிடக் கூடாது என்ற கவலை அதில் இருந்தது. ஆக, படிப்பதற்காகப் பிறந்த கருவி இது. அதை எண்ணுவதற்கு மட்டும் நாம் பயன்படுத்துகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

எச்-குறியீட்டை 2005இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டுவந்தார். ஒருவருடைய 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை மேற்கோள் பெற்றிருந்து, 21 கட்டுரைகளுக்கு 21 மேற்கோள் என்ற நிலையை அவர் இன்னும் எட்டவில்லை என்றால் அவர் குறியீடு 20. இன்னொருவர் மூன்றே கட்டுரை எழுதி, ஒவ்வொன்றும் ஆயிரம் மேற்கோள் பெற்றிருந்தாலும் அவர் குறியீடு 3தான். இயற்பியலாளர் பீட்டர் ஹிக்ஸை நினைத்துப் பாருங்கள். 1964இல் அவர் எழுதிய கட்டுரைகள் 2013இல் நோபல் பரிசு வரை போயின. 1964க்குப் பிறகு அவர் வெளியிட்ட கட்டுரைகள் பத்துக்கும் குறைவு. இன்றைய முறையில் தமக்கு எந்தப் பல்கலைக்கழகமும் வேலை தராது என்று அவரே சொன்னார்.

மேற்கோள் எண்ணிக்கையே அதிகம் என்றால் பெருமைதானே என்று கேட்கலாம். உலகில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை, புரதத்தை அளக்கும் முறை பற்றி ஆலிவர் லௌரி குழுவினர் 1951இல் எழுதியது. மூன்று லட்சம் முறைக்கு மேல்! டி.என்.ஏ.யின் அமைப்பைச் சொன்ன 1953ஆம் ஆண்டுக் கட்டுரை அதன் அருகில்கூட வராது. லௌரியின் முறை ஆய்வகங்களில் நாள்தோறும் கைகொடுத்தது, அதனால் குறிப்பிட்டார்கள். அது உண்மையான பயன்தான், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது வேறு வகைப் பயன். மறுபக்கம், தடுப்பூசியை ஆட்டிசத்தோடு இணைத்து 1998இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கட்டுரை 2010இல் திரும்பப் பெறப்பட்டது. அதற்கும் ஏராளமான மேற்கோள்கள் உண்டு, அவற்றில் பெரும்பாலானவை அதை மறுத்து எழுதியவை. எண்ணிக்கையில் பாராட்டும் மறுப்பும் ஒன்றுதான்.

ஒவ்வொரு மேற்கோளும் வேறொருவர் கட்டுரையில் உள்ள ஒரு வாக்கியம். அந்த வாக்கியம் என்ன சொல்கிறது? முன்னுரையில் போகிறபோக்கில் பத்துப் பெயரோடு சேர்த்துச் சொன்னாரா, அல்லது இந்த ஆய்வு இல்லாமல் தம் ஆய்வே இல்லை என்றாரா? துறையும் முக்கியம். மருத்துவ ஆய்வில் மேற்கோள் வேகமாகக் குவியும், கணிதத்தில் மெல்லத்தான் வரும். இரண்டையும் ஒரே கோலால் அளப்பது அநியாயம்.

இனி கூட்டாய்வு. அதே ஹிக்ஸ் 1964இல் முன்கணித்த, அவர் பெயரால் அழைக்கப்படும் துகளின் நிறையை அளந்து 2015இல் வெளிவந்த கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். 33 பக்கங்களில் 24 பக்கம் பெயர்களும் நிறுவனங்களும். அந்தக் கட்டுரைக்கு வரும் ஒவ்வொரு மேற்கோளும் அத்தனை பேர் கணக்கிலும் முழுதாக ஏறுகிறது. உணர்கருவியைப் பல ஆண்டு கட்டியவர்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள், புதிதாக வந்து சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். எண் இருவரையும் பிரித்துக் காட்டாது. பெயர் வரிசையும் உதவாது: கணிதத்தில் அகர வரிசை, உயிரியலில் பெரும்பாலும் ஆய்வகத் தலைவர் கடைசியில்.

இதற்காகக் கூட்டாய்வைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. வேதியியலும் மருத்துவமும் தெரிந்த இரு குழுக்களை ஒருவர் சேர்த்துவைத்து, இரண்டும் தனியே செய்ய முடியாததைச் செய்தால், அது பெரிய தாக்கம். இணை ஆசிரியர் எண்ணிக்கையில் அது தெரியாது. யாரை யாரோடு சேர்த்தார், பிறகு அந்தக் குழுக்கள் அவர் இல்லாமலும் சேர்ந்து உழைக்கின்றனவா என்று விசாரித்தால் தெரியும்.

தேர்வுக் குழுக்களில் அமர்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விண்ணப்பதாரரிடம் அவர் தேர்ந்தெடுக்கும் ஐந்து கட்டுரைகளை மட்டும் கேளுங்கள். ஒவ்வொன்றிலும் தாம் செய்தது என்ன என்று மூன்று வரி எழுதச் சொல்லுங்கள். அதைப் பயன்படுத்தியவர்கள் எழுதிய இரண்டு பத்திகளையும் இணைக்கச் சொல்லுங்கள். ஒரு மாலைப் பொழுதில் படித்துவிடலாம். இளம் ஆய்வாளர்களே, பல ஆய்விதழ்கள் இப்போது ஒவ்வோர் ஆசிரியரின் பங்கையும் கேட்கின்றன. அந்தப் பகுதியை அக்கறையோடு நிரப்புங்கள். நிரலை எழுதியவர், தரவைத் திருத்தியவர், கருவியைப் பழுது பார்த்தவர் என்று ஒவ்வொருவர் செய்ததையும் அவர் பெயரோடு எழுதுங்கள்.

நன்றி, வணக்கம்.