கைக்கு எட்டுவது எது?

நேயர்களுக்கு வணக்கம்.

சூடு பட்டோ, கீழே விழுந்தோ, எதையாவது விழுங்கியோ ஒரு குழந்தையை மருத்துவமனைக்குத் தூக்கி வந்தால், கூட வந்தவர்கள் தாயிடம் முதலில் கேட்பது, "நீ எங்கே போயிருந்தாய்?" குழந்தை மருத்துவரான எனக்கு இதைக் கேட்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கும். பெரும்பாலும் அவர் எங்கேயும் போயிருக்க மாட்டார். அதே அறையில்தான் இருந்திருப்பார். யாரோ கதவைத் தட்டியிருப்பார்கள், திரும்பிப் பார்த்திருப்பார். நாள் முழுக்கக் கண் இமைக்காமல் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்க யாராலும் முடியாது. அப்படி நம் பார்வை விலகும் அரை நிமிடத்தில் குழந்தையின் கைக்கு எது எட்டும்? அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

கனடாவின் விண்ட்சர் நகரில் ஹென்றி ப்ரோ என்று ஒரு குழந்தை மருத்துவர் இருந்தார். மாத்திரைகளை விழுங்கிவிட்டு வந்த குழந்தைகளுக்கு வைத்தியம் பார்த்தே நொந்துபோனவர். அழுத்திக்கொண்டு திருகினால் மட்டும் திறக்கிற மருந்து மூடி 1967-இல் அங்கே புழக்கத்துக்கு வந்தது அவருடைய விடாமுயற்சியால்தான். அந்த வட்டாரத்தில் குழந்தைகள் மாத்திரை விழுங்குவது வெகுவாகக் குறைந்தது. பெற்றோருக்குப் புத்திமதி சொல்லி நடக்காததை ஒரு மூடி நடத்திக் காட்டியது. வீட்டிலும் நாம் செய்ய வேண்டியது இதே வேலைதான்.

முதலில் சுடுதண்ணீர். 60 டிகிரி செல்சியஸ் சூடுள்ள தண்ணீர் சில நொடிகளிலேயே ஆழமான தீப்புண் உண்டாக்கிவிடும். 49 டிகிரி என்றால் அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். கையை இழுத்துக்கொள்ள, குழந்தையைத் தூக்க, நேரம் கிடைக்கும். அதனால் ஹீட்டரின் சூட்டைக் குறைத்து வையுங்கள். குளிப்பாட்டும்போது வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகுதான் சுடுதண்ணீர். அடுப்பில் பாத்திரத்தின் கைப்பிடி சுவர்ப் பக்கம் திரும்பியிருக்கட்டும். மடியில் குழந்தை இருக்கும்போது கையில் சூடான எதுவும் வேண்டாம், ஒரு வாய் தேநீர்கூட.

அப்படியும் சூடு பட்டுவிட்டால், குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். கடிகாரத்தைப் பார்த்துச் செய்யுங்கள், ஏனென்றால் குழந்தை அழும்போது 2 நிமிடமே 20 நிமிடம் மாதிரித் தோன்றும். குழந்தையின் மற்ற உடம்பு குளிர்ந்துவிடாமல் போர்த்திக்கொள்ளுங்கள். பற்பசை, மை, வெண்ணெய், ஐஸ் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் மூடிக்கொண்டு மருத்துவரிடம் வாருங்கள்.

தண்ணீர் வாளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நடை பழகும் குழந்தைக்கு உடம்பின் அளவோடு பார்த்தால் தலை கனம். வாளிக்குள் எட்டிப் பார்த்துத் தலைகீழாக விழுந்தால் தானாக எழுந்துகொள்ளத் தெரியாது. கத்தவும் முடியாது, சத்தமே வராமல் எல்லாம் முடிந்துவிடும். சில அங்குலத் தண்ணீர் போதும். வேலை முடிந்ததும் வாளியைக் கவிழ்த்துவிடுங்கள். குளியலறைக் கதவுக்கு வெளியே, உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள்.

அப்புறம், பலருக்கும் ஆபத்து என்றே தோன்றாத ஒன்று, பொத்தான் பேட்டரி. ரிமோட்டில், பாட்டுப் பாடும் பொம்மையில், சின்ன எடைக் கருவியில் இருக்கும். உணவுக் குழாயில் சிக்கிக்கொண்டால், அங்குள்ள ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து காரத்தை உண்டாக்கி, இரண்டு மணி நேரத்துக்குள் சதையை அரித்துவிடும். ரிமோட் வேலை செய்யாத அளவுக்குத் தீர்ந்த பேட்டரியும் இதைச் செய்யும். விழுங்கியதை யாரும் பார்க்காவிட்டாலும், எச்சில் வழிகிறது, சாப்பிட மறுக்கிறது, வீட்டில் ஒரு பேட்டரியைக் காணோம் என்றால், அந்தச் சந்தேகம் ஒன்றே போதும். வாந்தி எடுக்க வைக்காமல் நேராக எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். பேட்டரிப் பெட்டியின் மூடி திருகாணி போட்டு மூடுவதாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

மண்ணெண்ணெய், ஆசிட் போன்றவற்றைக் குடிநீர்ப் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். குழந்தை குடித்துவிட்டால் இங்கேயும் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும், ஆசிட் திரும்பி வரும்போது இன்னொரு முறை சுடும்.

கடைசியாக, வீட்டுக்கு வரும் தாத்தா பாட்டியின் கைப்பை. அதில் சர்க்கரை மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும் இருக்கும். உள்ளே வந்ததும் அதை வாங்கி, பூட்டும் அலமாரியில் வையுங்கள். தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சில சர்க்கரை மாத்திரைகளில் ஒன்றே ஒன்று உள்ளே போனாலும் குழந்தையின் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். அதுவும் பல மணி நேரம் கழித்து. "நன்றாகத்தானே விளையாடுகிறான்" என்று வீட்டில் காத்திருக்காதீர்கள். மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்து வாருங்கள். எந்த மருந்து, எத்தனை போயிருக்கும் என்று அதைப் பார்த்துத்தான் நாங்கள் சிகிச்சையைத் தொடங்க முடியும்.

நன்றி, வணக்கம்.