உகாண்டாவில் தத்து: அந்த ஒரு வருடம் எதற்கு?

வணக்கம் நேயர்களே. ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்க நினைக்கும் வெளிநாட்டவர், முதலில் எந்த நாடு அதை அனுமதிக்கிறது என்று பார்க்க வேண்டும். எத்தியோப்பியா 2018 ஜனவரியில் அடியோடு தடை செய்துவிட்டது. கென்யா 2014 நவம்பரில் நிறுத்திவைத்தது. உகாண்டாவில் வழி உண்டு, ஆனால் அவசரக்காரர்களுக்கு அது சரிப்படாது.

முன்பு வெளிநாட்டவர் மூன்று வருடம் அங்கே தங்கிக் குழந்தையை வளர்க்க வேண்டும் என்று சட்டம் கேட்டது. கேட்டு என்ன பயன்? 'சட்டப் பாதுகாவலர்', அதாவது தத்தெடுக்காமலே குழந்தைக்குப் பொறுப்பாளர், என்று நீதிமன்ற ஆணை வாங்கி, குழந்தையை விமானமேற்றி, தங்கள் நாட்டுக்குப் போய்த் தத்தை முடித்துக்கொண்டார்கள். 2016இல் வந்த திருத்தம் பாதுகாவலர் உரிமையை உகாண்டா குடிமக்களோடு நிறுத்தியது. தத்துக்கான காலத்தை ஒரு வருடமாகக் குறைத்தது.

அந்த ஒரு வருடம் நீங்கள் உகாண்டாவில் தங்க வேண்டும், குழந்தையும் உங்களிடம் வளர வேண்டும். சமூகநல அலுவலர் மேற்பார்வை பார்ப்பார். மூன்று மாதச் சுற்றுலா விசாவை வைத்து இதை ஓட்ட முடியாது. வேலை அனுமதி போன்ற முறையான குடியிருப்பு உரிமை தேவை. உங்களுக்குக் குறைந்தது 25 வயது, குழந்தையைவிட 21 வயது மூப்பு. குற்றப் பதிவு இருக்கக் கூடாது. நீங்கள் தகுதியானவர் என்று உங்கள் நாட்டு அதிகாரியின் பரிந்துரையும், இந்த ஆணையை உங்கள் நாடு ஏற்கும் என்பதற்கு ஆதாரமும் வேண்டும். வழக்கு உயர் நீதிமன்றத்தில்தான்.

விதிவிலக்கான சூழலில் நீதிபதி இவற்றைத் தளர்த்தலாம் என்றும் சட்டத்தில் இருக்கிறது. முதல் சந்திப்பிலேயே அந்தத் தளர்வை வாங்கித் தருகிறேன் என்கிற வழக்கறிஞரிடம் மறுபடி போகாதீர்கள்.

பெரும்பாலான வழக்குகள் சிக்குவது 'அநாதை' என்ற இடத்தில். குழந்தைகள் காப்பக விடுதியில் இருக்கும் பிள்ளைக்கு அப்பா இல்லாமல் இருக்கலாம், அம்மா நான்கு ஊர் தள்ளி இருப்பார். பள்ளிக் கட்டணம் கட்ட முடியாமல் விட்டுப்போயிருப்பார். ஆங்கிலத்தில் அடித்த சம்மதப் பத்திரத்தில் கைரேகை வைத்திருப்பார். பிள்ளை படித்துவிட்டுத் திரும்பி வரும் என்பது அவர் கணக்கு. ஆணை பிறப்பிக்கும் வரை அவர் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். பெறவும் செய்கிறார்கள்.

ஆகவே கோப்பைக் கையில் வாங்கியதும் தாள் தாளாகப் பாருங்கள். கண்டெடுத்த குழந்தை என்றால் காவல் நிலையப் பதிவு, உள்ளூர் மன்றத் தலைவரின் கடிதம், விடுதியில் வைக்க நீதிமன்றம் தந்த ஆணை, உறவினரைத் தேடி வெளியிட்ட அறிவிப்பு. தேதிகள் ஒன்றையொன்று தொடர வேண்டும். குழந்தை விடுதிக்கு வந்து பல மாதம் கழித்துக் காவல்துறைக் கடிதம் எழுதப்பட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். இறப்புச் சான்று இருந்தால், அது யாருக்காக, எந்த அலுவலகம் தந்தது என்றும் சரிபாருங்கள். தாய் இருக்கிறார் என்றால், அவருடைய மொழியில் விளக்கம் சொல்ல, விடுதியோடு சம்பந்தமில்லாத ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள்.

பணம்: வழக்குச் செலவுக்கு ரசீது கேளுங்கள். குழந்தையை ஒப்படைக்கும் நாளில் விடுதி கேட்கும் 'நன்கொடை'யைக் கொடுக்காதீர்கள். 2020 ஆகஸ்டில், தத்து மோசடி தொடர்பாக இரண்டு உகாண்டா நீதிபதிகள் மீது அமெரிக்க நிதித்துறை பொருளாதாரத் தடை விதித்தது. நிலைமை அந்த அளவுக்குப் போயிருந்தது.

அமெரிக்கர்களுக்கு ஒரு கூடுதல் வேலை. நாடுகளுக்கிடையேயான தத்தை ஒழுங்குபடுத்தும் ஹேக் தத்து உடன்படிக்கையில் உகாண்டா இல்லை. அதனால் அமெரிக்கச் சட்டத்தின் 'அநாதை' வரையறைக்குள் குழந்தை வருகிறதா என்று தூதரகம் தனியே விசாரிக்கும். அமெரிக்கக் குடியேற்றத் துறையின் ஐ-600ஏ படிவத்தில் முன் அனுமதி வாங்கிவிட்டுக் கிளம்புங்கள். குறிப்பிட்ட குழந்தைக்கான ஐ-600 படிவத்தைப் பொதுவாகக் குழந்தையின் 16ஆவது பிறந்தநாளுக்கு முன் தாக்கல் செய்ய வேண்டும். உகாண்டா தலைநகர் கம்பாலா நீதிமன்றத்தின் ஆணை கையில் இருந்தும் குழந்தைக்கு அமெரிக்க விசா மறுக்கப்படலாம். ஆணை வாங்கிய பெற்றோர் அப்போது அங்கேயே மாட்டிக்கொள்வார்கள்.

ஆணை வந்ததும் குழந்தையின் பெயரை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். பிறப்புப் பதிவில் ஒரு மாதிரி, ஆணையில் வேறு மாதிரி இருந்தால் நீதிமன்றப் பதிவாளரிடமே திருத்தி வாங்குங்கள். தத்துப் பதிவேட்டில் ஏற்றி, சான்றிட்ட நகல்கள் நான்கைந்து எடுத்துக்கொண்டு பிறகு பாஸ்போர்ட் அலுவலகம் போங்கள்.