கல்லூரிக்கு முன் ஒரு வருஷம்: பயனே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பாஸ்டனைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வந்திருக்கும் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளையை உடனே கல்லூரிக்கு அனுப்பாமல், போர்டிங் பள்ளியில் இன்னொரு வருஷம் படிக்க வைக்கிறார்களே, அந்த ‘பி.ஜி. இயர்’ (மேற்பட்டப் படிப்பு அல்ல, பள்ளி முடித்தபின் பள்ளியிலேயே படிக்கும் கூடுதல் வருஷம்) பயனா, வீணா? பயனே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணியில் பேசிய அம்மா, “கூடப் படித்தவன் கல்லூரிக்குப் போய்விட்டான், நம்ம பிள்ளை மறுபடி பள்ளிக்கூடமா? ஃபெயில் ஆகிவிட்டான் என்று நினைக்க மாட்டார்களா?” என்று கேட்டார். நியாயமான கவலைதான். ஆனால் அம்மா, பள்ளிப் படிப்பை முழுசாக முடித்தவர்கள்தான் இதில் சேரவே முடியும். நம்ம பேட்ரியாட்ஸ் அமெரிக்க ஃபுட்பால் அணிக்கு ஆறு முறை சூப்பர் பவுல் கோப்பையை வென்று கொடுத்த பயிற்சியாளர் பில் பெலிசெக், அன்னாபொலிஸில் பள்ளி முடித்து, ஆண்டோவர் ஊரின் பிலிப்ஸ் அகாடமி என்ற போர்டிங் பள்ளியில் இந்த ஒரு வருஷத்தைப் படித்துவிட்டு 1971இல்தான் வெஸ்லியன் பல்கலைக்கழகம் போனார். அவரை ஃபெயில் ஆனவர் என்று யார் சொன்னார்கள்?

“அது விளையாட்டுக்காரர்களுக்கு” என்றார் இன்னொரு நண்பர். விளையாட்டுப் பிள்ளைகள் நிறைய வருகிறார்கள், உண்மை. ஆனால் அவர்களும் வகுப்பில் உட்கார்ந்துதானே ஆக வேண்டும்! இப்படிப் பி.ஜி. மாணவர்களைச் சேர்க்கும் எக்ஸெட்டர் போர்டிங் பள்ளிக்கு 1930இல் எட்வர்ட் ஹார்க்னஸ் என்ற செல்வந்தர் பெரும் நன்கொடை தந்தார். அதிலிருந்து அங்கே நீள்வட்ட மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் அளவில்தான் வகுப்பு. கடைசி பெஞ்சே கிடையாது. நாலு வருஷம் வாய் திறக்காமல் நல்ல மார்க் வாங்கிய பிள்ளை அங்கே தினமும் பேசியாக வேண்டும். பேசாத பிள்ளையைப் பெற்றவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

“அதற்கு நம்ம வீட்டுக்குப் பக்கத்திலேயே கம்யூனிட்டி காலேஜ், அதாவது இரண்டு வருஷப் படிப்புக்கான உள்ளூர்க் கல்லூரி, இருக்கிறதே, செலவும் குறைவு” என்பது எதிரணியின் பலமான வாதம். சரி, ஆனால் அங்கே முழுநேரமாகச் சேர்ந்து படித்தபின் வேறு கல்லூரிக்கு விண்ணப்பித்தால், பெரும்பாலும் டிரான்ஸ்ஃபர் மாணவராக, அதாவது ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறி வருபவராகத்தான் பார்ப்பார்கள். பி.ஜி. மாணவரோ முதலாண்டு மாணவராகவே விண்ணப்பிக்கலாம். அப்புறம், விடுதி வாழ்க்கை. அதே கட்டடத்தில் ஆசிரியர் குடியிருப்பார். இரவில் படிக்க நேரம் வைத்திருப்பார்கள். மூன்று நாள் வகுப்புக்கு வராவிட்டால் யாராவது கதவைத் தட்டுவார்கள். பெரிய பல்கலைக்கழகத்தில் யார் தட்டுவார்? வீட்டை விட்டுப் பிரியும் முதல் வருஷத்தில்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். அந்தத் தடுமாற்றம், பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் நடக்கட்டுமே!

கட்டணம்? பல பள்ளிகளில் 60,000 டாலரைத் தாண்டிவிட்டது. அதை நான் சின்னத் தொகை என்று சொல்ல மாட்டேன். கடன் வாங்கிச் சேர்க்கச் சொல்லவும் மாட்டேன். ஆனால் பெலிசெக் படித்த அந்த ஆண்டோவர் பள்ளி 2007 முதல் குடும்பத்தின் பணவசதியைப் பார்க்காமல்தான் மாணவரைத் தேர்ந்தெடுக்கிறது. தேவைப்படும் உதவியையும் தருகிறது. முதலில் விண்ணப்பியுங்கள். உதவி போதவில்லையா, விட்டுவிடுங்கள். உதவியும் கிடைத்து, பிள்ளையும் போகிறேன் என்றால், பக்கத்து வீட்டுப் பேச்சுக்குப் பயந்து தடுக்காதீர்கள். நன்றி, வணக்கம்.