கையைக் கட்டிக்கொண்டு நிற்கப் பழகுதல்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் அன்பான வணக்கம். சாரணர் இயக்கம் என்றதும் சீருடையும் கழுத்துப் பட்டியும் அணிந்த பிள்ளைகள்தான் நினைவுக்கு வருவார்கள். இன்றைக்கு நான் கதைக்கப்போவது அந்தப் பிள்ளைகளோடு நிற்கிற பெரியவர்களைப் பற்றி.

எங்கள் மட்டக்களப்பில் ஒரு பாடசாலையில் சாரணர் குழு நன்றாக நடக்கிறதென்றால், அநேகமாக ஒரேயொரு ஆசிரியர் அதைத் தலையில் சுமந்துகொண்டிருப்பார். அவருக்கு இடமாற்றம் வந்த மறு தவணையே கூடாரங்கள் களஞ்சிய அறைக்குப் போய்விடும். ஜனாதிபதி சாரணர் விருதை நோக்கிப் பாதித் தூரம் வந்த பிள்ளை அந்த இடத்திலேயே நின்றுவிடும். இதைத் திரும்பத் திரும்பப் பார்த்து மனம் நொந்துதான் சொல்கிறேன்: ஆசிரியர்களை மட்டும் நம்பி இந்த வேலையை விட முடியாது. வங்கியில் வேலை செய்கிறவர், கடற்றொழில் செய்கிற தகப்பன், முன்பள்ளி ஆசிரியை, பழைய சாரணர் என்று ஊரிலிருந்து இரண்டு மூன்று பேராவது ஒவ்வொரு குழுவுக்கும் வேண்டும்.

"எனக்கு என்ன தெரியும்?" என்று பலர் தயங்குகிறார்கள். தடித்த கயிற்றோடு மெல்லிய கயிற்றை இணைக்கச் சாரணர்கள் ஒரு முடிச்சுப் பழகுவார்கள். சீட் பெண்ட் என்று பெயர். நாவலடியிலோ பாலமீன்மடுவிலோ வலை பொத்துகிற ஒருவரிடம் அதைக் காட்டிப் பாருங்கள். வலைக்கண்ணில் விழுகிற முடிச்சின் அமைப்பும் அதேதான். நாங்கள் புதிதாகப் பழகுவதை அவருடைய விரல்கள் கண்ணை மூடிக்கொண்டே செய்யும்.

ஆனால் அங்கேதான் பயிற்சியின் தேவையும் தொடங்குகிறது. அந்தத் தகப்பன் முன்னால் ஒரு பிள்ளை கயிற்றைச் சிக்கலாக்கிக்கொண்டு நிற்கட்டும். உடனே கை நீளும். "தம்பி, இஞ்ச தா, நான் கட்டித் தாறன்." அன்பினால்தான் சொல்கிறார். பிள்ளையின் கையிலிருந்து கயிறு போய்விடுகிறது. ஆசிரியர்களாகிய எங்களுக்கு இது இன்னும் கடினம். கரும்பலகை முன்னால் நின்று பழகிய எங்களுக்கு, அணித்தலைவனான 14 வயதுப் பிள்ளை தப்பாகக் கூடாரம் அடிப்பதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நிற்க வராது.

சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907இல் இங்கிலாந்தின் பிரவுண்சி தீவில் சுமார் 20 சிறுவர்களோடு நடத்திய முதல் முகாமிலேயே அவர்களை நான்கு அணிகளாகப் பிரித்தார். ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனே தலைவன். இலங்கைக்கு இயக்கம் 1912இல் மாத்தளையில் வந்தது. சாரணத் தலைவர்களாகும் பெரியவர்களுக்கென்று இங்கிலாந்தின் கில்வெல் பூங்காவில் தருசின்னப் பயிற்சி, அதாவது வூட் பேட்ஜ் பயிற்சி, தொடங்கியது 1919இல். அந்தப் பயிற்சியில் எனக்கு மிகவும் பிடித்த விடயம், பெரியவர்களையும் அணிகளாகப் பிரித்து, பிள்ளைகள் முகாமில் வாழ்கிறபடியே வாழவைப்பதுதான். முடித்தவர்கள் கழுத்தில் அணிகிற தோல் வாரில் இரண்டு சிறு மரமணிகள் இருக்கும். பேடன் பவல் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த மாலையின் மணிகளைக் கொடுத்துத் தொடங்கிய வழக்கம் அது.

அப்படியொரு பயிற்சி முகாமில் நான் கண்டதைச் சொல்கிறேன். மாரி காலம். விறகெல்லாம் ஈரம். ஓர் அணிக்குத் தலைவி, வயதில் எல்லோருக்கும் இளையவரான ஒரு முன்பள்ளி ஆசிரியை. அந்த அணியில் அலுவலகத்தில் பெரிய பதவி வகிக்கிற ஐயா ஒருவர். "ஐயா, இண்டைக்குப் பானை கழுவுறது உங்கட முறை" என்றார் அந்தப் பிள்ளை. ஐயா ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பொச்சும் சாம்பலும் எடுத்துக் குந்திவிட்டார். அடிப்பிடித்த கரியைத் தேய்த்தபடி அவர் கேட்டார்: "பெடியன்களையும் இப்படித்தான் மாறி மாறிச் செய்ய விடுறதா?" விரிவுரையாக நான் சொல்லியிருந்தால் அவருக்கு அது உறைத்திருக்காது.

கையைக் கட்டிக்கொண்டு நிற்கக் கூடாத இடங்களும் உண்டு. அவற்றைப் பயிற்சியிலே அழுத்தமாகச் சொல்கிறோம். வாவியிலோ கடலிலோ பிள்ளைகள் இறங்கினால், நீச்சல் தெரிந்த பெரியவர் கரையில் கண்ணெடுக்காமல் நிற்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வருகிற பக்கம் முகாம் போடவே கூடாது. எந்தத் தலைவரும் ஒரு பிள்ளையோடு தனியே ஓர் அறையிலோ கூடாரத்திலோ இருக்கக் கூடாது. எப்போதும் இன்னொரு பெரியவர் பார்வையில் இருக்க வேண்டும். இதைக் கேட்டு மனம் கோணுகிறவரைத் தலைவராக ஏற்க நான் தயாரில்லை. பிள்ளைக்குத் தீங்கு நடக்கிறதென்ற சந்தேகம் வந்தால் 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு அழைப்பதெப்படி என்பதும் முடிச்சுக் கட்டுவதைப் போலவே ஒவ்வொரு தலைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இதற்குச் சம்பளம் இல்லை. கிழமை முழுக்க உழைத்துவிட்டு, ஓய்வு நாளின் பின்னேரத்தையும் கொடுக்க வேண்டும். அது எவ்வளவு பெரிய கொடை என்று எனக்குத் தெரியும்; தெரிந்துதான் கேட்கிறேன்.

உங்கள் ஊர்ப் பாடசாலையில் சாரணர் குழு இருந்தால், அடுத்த ஒன்றுகூடலுக்கு ஒருக்கால் போய்ப் பாருங்கள். பொறுப்பாசிரியரிடம் "நானும் உதவிக்கு வரட்டுமா?" என்று கேளுங்கள். அடிப்படைப் பயிற்சிக்கு எப்போது பெயர் கொடுப்பதென்று அவரே சொல்லுவார். குழு முன்பு இருந்து நின்றுபோன பாடசாலை என்றால் அதிபரைச் சந்தியுங்கள். தனியே போகாமல், உங்களோடு இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நன்றி, வணக்கம்.