அந்தக் கதவு மூடியது நியாயமே

நடுவர் அண்ணாச்சி அவர்களே, எதிரணியில் இருக்கும் தம்பி தங்கைகளே, பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருக்கும் அம்மாமார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

வாசகசாலை ஆண்டு விழாவில் ஓர் அமெரிக்கத் தொடரை வைத்துப் பட்டிமன்றமா என்று நோட்டீஸைப் பார்த்துச் சிலர் கேட்டார்களாம். ஏன் கூடாது? நீலி கதையை ராத்திரி முழுக்க உட்கார்ந்து கேட்கிற ஊர் இது. செத்துப்போன பெண் சக்தியோடு திரும்பி வருகிற கதையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெயர் ‘சார்ம்ட்’. 1998 முதல் 2006 வரை எட்டு சீசன், 178 எபிசோட். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பழைய வீடு. அதில் ப்ரூ, பைப்பர், ஃபீபி என்று மூன்று அக்கா தங்கைகள். மூவருக்கும் பரம்பரையாக வந்த மந்திர சக்தி உண்டு. தாய் சின்ன வயதிலேயே போய்விட்டாள், தகப்பன் விலகிவிட்டார், வளர்த்தது பாட்டி. மூத்தவள் ப்ரூ கையை வீசினால் பொருள்களும் ஆட்களும் தூரப் போய் விழுவார்கள். பைப்பர் கையசைத்தால் எல்லாம் உறைந்து நிற்கும். ஃபீபிக்கு நடக்கப்போவது முன்கூட்டியே தெரியும். 2001 மே 17 அன்று ஒளிபரப்பான மூன்றாம் சீசன் கடைசி எபிசோடோடு மூத்தவளின் கதை முடிகிறது. அது ரசிகர்களுக்குச் செய்த துரோகம் என்கிறது எதிரணி. கதைக்குச் செய்த நியாயம் என்று சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன்.

எதிரணித் தங்கை நன்றாகப் பேசினார். அவர் கேட்டதில் கனமான கேள்வி இதுதான்: “அதே எபிசோடில் காலத்தையே பின்னோக்கித் திருப்புகிறார்கள். திருப்பிய பிறகும் ஏன் ஒருத்தி சாக வேண்டும்?” இதற்குப் பதில் சொல்ல அன்று என்ன நடந்தது என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஷாக்ஸ் என்ற அரக்கன் ஒரு டாக்டரைக் கொல்ல வருகிறான். சூறைக்காற்றாக வீட்டுக்குள் புகுந்து ப்ரூவையும் பைப்பரையும் சுவர் உடையத் தூக்கி எறிகிறான். ஃபீபி மேலேயிருந்து ஓடிவந்து மந்திரம் சொல்கிறாள், அவன் அடிபட்டு ஓடுகிறான். காயம் ஆற்றுகிற லியோ இரண்டு பேரையும் பிழைக்க வைக்கிறான். ஓடினவனை விரட்டிக்கொண்டு அக்காவும் தங்கையும் தெருவுக்கு வருகிறார்கள். அங்கே ஒரு டிவி கேமரா இருக்கிறது. மூன்று வருடம் கட்டிக்காத்த ரகசியம் ஒரு நிமிடத்தில் ஊருக்கே தெரிந்துவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் வீட்டு வாசலில் கூட்டம். அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் துப்பாக்கியால் சுடுகிறாள், குண்டு பைப்பர் மேல் பாய்கிறது. கவனியுங்கள், சுட்டது அரக்கன் இல்லை, மனுஷிதான். லியோவைக் கூப்பிட்டால் அவனுக்குக் கேட்காது, அவன் ஃபீபியோடு பாதாளத்தில் இருக்கிறான். கைவீச்சில் ஆளையே பறக்கவிடுகிற அக்கா, ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் ஒன்றும் செய்ய முடியாமல் நிற்கிறாள். தங்கை அங்கேயே இறந்துபோகிறாள்.

செய்தி பாதாளத்தில் இருக்கும் ஃபீபிக்குப் போகிறது. காலத்தைத் திருப்பக்கூடியவன் அந்தப் பாதாள அரசனின் ஆள். ஃபீபி பேரம் பேசுகிறாள்: நான் இங்கேயே உங்கள் பக்கம் இருந்துவிடுகிறேன், காலத்தைத் திருப்புங்கள். காலம் திரும்புகிறது. பைப்பர் உயிரோடு வீட்டில் நிற்கிறாள். அரக்கன் மறுபடி வருகிறான். அதே அடி, அதே சுவர். மேலேயிருந்து ஓடிவந்து மந்திரம் சொல்ல இந்தத் தடவை ஃபீபி இல்லை. அவள்தான் விலையாகப் போய்விட்டாளே! டாக்டர் ஜன்னல் வழியாக வெளியே போய் விழுகிறார். காற்று வெளியேறுகிறது. வாசல் கதவு அறைந்து மூடுகிறது. எபிசோட் முடிந்தது.

இதில் துரோகம் எங்கே இருக்கிறது? பைப்பரைத் திருப்பிக் கொண்டுவர ஃபீபி அந்த வீட்டைவிட்டுப் போனாள். ஃபீபி இல்லாததால் ப்ரூ போனாள். கடையில் பொருள் வாங்கினால் காசு கொடுக்க வேண்டும். காசும் திரும்பி வரும், பொருளும் கையில் இருக்கும் என்றால் அந்த மந்திரத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை, அந்தச் சாவுக்கும் மதிப்பில்லை.

இந்தக் கணக்கை அவர்கள் மூன்றாம் சீசனில் திடீரென்று கொண்டுவரவும் இல்லை. 1999 மே மாதம் முதல் சீசனின் கடைசி எபிசோடிலேயே சொல்லிவிட்டார்கள். அதிலும் இதே காலம் திருப்புகிறவன்தான் வருகிறான். ஒரே நாள் திரும்பத் திரும்ப நடக்கிறது. அந்தச் சுழல் உடைந்து அக்கா தங்கைகள் பிழைத்தபோது, ப்ரூ நேசித்த ஆண்டி என்ற போலீஸ்காரன் உயிரோடு எழுந்து வரவில்லை. அன்று அதை ஏற்றுக்கொண்டவள் ப்ரூ. இரண்டு வருடம் கழித்து அதே கணக்கு அவள் பேரிலேயே வந்து நிற்கிறது. எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

சரி, நம் பக்கத்துக் கதைக்கு வருகிறேன். முப்பந்தல் இசக்கியம்மனைத் தெரியாதவர்கள் இங்கே இல்லை. கோயில் கொடை வந்தால் வில்லுப்பாட்டில் நீலி கதை பாடுகிறார்கள். யாரை நம்பி வந்தாளோ அவன் மடியில் லட்சுமி தலைவைத்துத் தூங்குகிறாள். அவன் மெதுவாக மணலைக் கூட்டி அவள் தலைக்கு அணைகொடுத்துவிட்டு, எழுந்துபோய்க் கல்லைத் தூக்கிவந்து போடுகிறான். நகைக்காக. பக்கத்தில் நின்ற கள்ளிச்செடிதான் சாட்சி. இந்த இடம் வரும்போது குடத்தின் ஓசை இறங்கும், புலவரின் குரலும் இறங்கும். நூறு தடவை கேட்ட பாட்டிகள்கூட முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். அப்புறம் அவள் நீலியாகப் பிறக்கிறாள், கள்ளிக்கொப்பைப் பிள்ளையாக இடுப்பில் வைத்துக்கொண்டு நியாயம் கேட்டு வருகிறாள். ஆனால் அந்தக் கல் விழுந்தது விழுந்ததுதான். எந்தப் புலவரும் ‘கல் விழவேயில்லை’ என்று பாட்டை மாற்றியதில்லை, மாற்றச் சொல்லி நாமும் கேட்டதில்லை. அந்தக் கல் விழாமல் இசக்கி ஏது?

தம்பி ஒருவர் சொன்னார், ப்ரூவாக நடித்த ஷானன் டோஹர்ட்டி தொடரைவிட்டு விலகினார், அதனால்தான் சாகடித்தார்கள், இதில் கதை நியாயம் என்ன இருக்கிறது என்று. அவர் விலகியது உண்மை. அந்த எபிசோடை இயக்கியவரும் அவரேதான், அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு நடிகை போனால் எழுதுகிறவர்களுக்கு எத்தனையோ சுலபமான வழி உண்டு. வேறு ஊரில் வேலை கிடைத்தது என்று அனுப்பிவிடலாம், ஆண்டுக்கொரு தடவை ஃபோனில் பேசுவதாகக் காட்டிவிடலாம். அப்படிச் செய்திருந்தால் அதைத்தான் நான் துரோகம் என்பேன். தங்கைகளுக்காகவே வாழ்ந்த ஒருத்தி, அவர்களைப் பேய் பிசாசுக்கு விட்டுவிட்டு வேலைக்குப் போவாளா? அவள் அந்த வீட்டைவிட்டுப் போக ஒரே ஒரு வழிதான் இருந்தது.

“ஒரு வார்த்தை விடைபெறவில்லையே, முகத்தைக்கூடக் கடைசியாகக் காட்டவில்லையே” என்று சொன்னபோது இங்கே பலர் தலையாட்டினீர்கள். எனக்கும் வலித்தது. ஆனால் இந்தக் குமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு அதை நான் குறை என்று சொல்ல மாட்டேன். 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை. வலையை எடுத்துக்கொண்டு போனவர்கள் யாரும் ‘போய்வருகிறேன்’ என்பதைக் கடைசி வார்த்தையாக நினைத்துச் சொல்லவில்லை. உடல்கூடக் கிடைக்காத வீடுகள் அங்கே உண்டு. ஒரு தொடரை அந்தத் துக்கத்துக்குச் சமமாக வைக்க நான் வரவில்லை. சாவு சொல்லிக்கொண்டு வராது என்று தெரிந்த ஊரில், விடைபெறாத சாவைப் பொய் என்று எப்படிச் சொல்வது என்றுதான் கேட்கிறேன்.

ஒரு குறையை நான் ஒத்துக்கொள்கிறேன். பிறகு வந்த சீசன்களில் தாயும் பாட்டியும் ஆவியாக வந்து போகிறார்கள், ப்ரூ வரவில்லை. அது எனக்கும் மனக்குறைதான். ஆனால் அது பிறகு வந்த எபிசோடுகளின் மேல் வைக்க வேண்டிய வழக்கு, இந்த எபிசோடின் மேல் வைக்க முடியாது.

இப்போது எங்கள் வீட்டுக் கதை. நாங்களும் மூன்று பெண்கள், நான் கடைக்குட்டி. தக்கலை பக்கம் வீடு. அப்பா போனபோது மூத்த அக்காவுக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு, வேலைக்குப் போனாள். முந்திரிக்கொட்டையின் தோட்டை உடைக்கும்போது அதன் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும், அதனால் சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்பார்கள். அப்படியும் அவள் விரல் நுனியெல்லாம் கறுத்துத்தான் இருக்கும். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் கையை இலைக்குக் கீழே மறைத்துக்கொள்வாள். அந்தக் காசில்தான் நான் ஆங்கில இலக்கியம் படித்தேன்.

வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்த மாமா இந்தத் தொடரின் டிவிடிகளைக் கொண்டுவந்தார். ராத்திரி வேலை முடிந்து அக்கா வந்தபின் போடுவோம். நான் ஒவ்வொரு இடமாக நிறுத்தித் தமிழில் சொல்ல வேண்டும். முதல் நாள் ‘சூனியக்காரிகள்’ என்றுதான் சொன்னேன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. “நல்லது செய்யவளுவள ஏம்ட்டி சூனியக்காரின்னு சொல்லுத?” என்றாள். அதிலிருந்து மந்திரக்காரிகள் என்று சொல்ல ஆரம்பித்தேன்.

மூன்றாம் சீசன் கடைசி எபிசோட் பார்த்த ராத்திரி, கதவு அறைந்து மூடியதும் அக்கா ரொம்ப நேரம் பேசவில்லை. யார் செத்தார்கள் என்று அதில் சொல்லவும் இல்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்துவிட்டது. “ஏட்டி, மூத்தவ போனா பின்ன அந்த வீட்ட யாருட்டி பாப்பா?” என்று கேட்டாள்.

நடுவர் அண்ணாச்சி, அந்த ஒரு கேள்விக்குப் பதில்தான் மீதி 112 எபிசோடும். நான்காம் சீசன் தொடக்கத்தில் லியோவால் பைப்பரை மட்டும்தான் காப்பாற்ற முடிந்தது என்று தெரிகிறது. பைப்பர் புத்தகத்திலுள்ள மந்திரம் ஒவ்வொன்றாகச் சொல்லி அக்காவைக் கூப்பிடுகிறாள். தொலைந்துபோன மந்திரக்காரியை அழைக்கிற மந்திரத்தையும் சொல்கிறாள். அக்கா வரவில்லை. அதுவரை அவர்கள் அறியாத இன்னொரு தங்கை, பெய்ஜ், அந்த மந்திரத்தால் வந்து சேர்கிறாள். இதுவரை யாருக்காவது தங்கையாகவே இருந்த பைப்பர், மூத்தவளாகிவிடுகிறாள். அவளுக்கு அது பிடிக்கவில்லை. எரிச்சலாக இருக்கிறாள், புதிதாக வந்தவளிடம் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. அந்த மூடிய கதவு இல்லையென்றால் இந்தப் பைப்பர் நமக்குக் கிடைத்திருக்க மாட்டாள். ஆகவே தீர்ப்பு எங்கள் பக்கம்தான் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இன்னும் ஒரே ஒரு காட்சியைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

நான்காம் சீசனின் மூன்றாவது எபிசோடில் பைப்பருக்குள் ஆவேசம் புகுந்துவிடுகிறது. நகமும் பல்லுமாக, கிட்டத்தட்ட நம் இசக்கி மாதிரியே ஆகிவிடுகிறாள். தங்கைகள் அவளை ப்ரூவின் கல்லறைக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே அவள் செத்தவளைப் பார்த்துக் கத்துகிறாள், எப்படி என்னை விட்டுப் போகலாம் என்று. கத்திக் கத்தி அது அழுகையாக மாறுகிறது. ஆவேசம் இறங்குகிறது. நான் வழக்கம்போல நிறுத்தி, அவள் என்ன சொல்கிறாள் என்று தமிழில் சொல்ல வாயெடுத்தேன். அக்கா கறுத்த விரலால் என் கையைப் பிடித்து ரிமோட்டை வாங்கிக்கொண்டாள்.

“சொல்லாண்டாம். புரியுது” என்றாள்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.