உப்பளத்து வெயிலும் கண் வில்லையும்: மாத்திரை எட்டாத இடம்

[காட்சி: வாலிநோக்கம் உப்பளம். பாத்தியில் கண் கூசும் வெள்ளை. பிறகு, அடுப்பில் ஒரு முட்டை.]

கண்ணாடி மாதிரி இருக்கிற வெள்ளைக்கரு, 60 டிகிரி தாண்டினதும் பால் வெள்ளையாகுது பாருங்க. அழகா மடிஞ்சிருந்த புரதங்கள் பிரிஞ்சு, ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கிச்சு. இனி அது பழைய நிலைக்கு வராது. நம்ம செல்லுக்குள்ள இதுக்கு அவ்வளவு சூடு வேண்டாம். 37 டிகிரியில இருந்து நாலைஞ்சு டிகிரி ஏறினாலே சில புரதங்களோட மடிப்பு குலையும்.

குலைஞ்சதைச் சிக்கவிடாம பிடிச்சு, திரும்ப மடிக்க உதவுறதுதான் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள். இதைக் காவல் புரதம்னு சொல்லலாம். 1962-ல இத்தாலியோட ஃபெருச்சியோ ரிட்டோசா, பழ ஈ வச்சிருந்த இன்குபேட்டர்ல சூடு கூடிப்போனதால தற்செயலா இதோட தடயத்தைப் பார்த்தார்.

[காட்சி: செல்லின் வரைபடம்.]

இதுக்கு ஒரு சுவிட்ச் இருக்கு: எச்.எஸ்.எஃப்-1ங்கிற புரதம். சாதாரண நாள்ல காவல் புரதங்களே அதைப் பிடிச்சு வச்சிருக்கும். புரதங்கள் கெட ஆரம்பிச்சா, பிடியை விட்டுட்டு அந்த வேலைக்கு ஓடும். விடுபட்ட சுவிட்ச் மூணு மூணாச் சேர்ந்து, உட்கருவுக்குள்ள போய் காவல் புரதம் செய்யுற மரபணுவைத் தட்டி எழுப்பும். வயசாக ஆக இந்த எழுப்பல் மந்தமாகுது.

[காட்சி: கண் வில்லை, மிக அருகில்.]

கண்ணுக்குள்ள இருக்கிற வில்லை, அதாவது லென்ஸோட கதை வேற. அதுல இருக்கிற ஆல்ஃபா கிரிஸ்டலினும் காவல் புரதம்தான். ஆனா வில்லையோட நார்ச்செல்கள்ல உட்கருவே கிடையாது. தட்டி எழுப்ப ஆள் இல்லாத வீடு! பிறக்கும்போது கிடைச்ச கையிருப்பை வச்சே நடு வில்லை ஆயுசு முழுக்க ஓட்டணும். வெயிலோட புற ஊதாக்கதிர், புகை, சர்க்கரை எல்லாம் அதைக் கரைக்கும். தீர்ந்த இடத்துல புரதங்கள் திரளும். அதுதான் கண்புரை.

மாத்திரை போட்டா சரியாகுமா? காவல் புரதத்தையே விழுங்கினாலும் வயிறு அதைக் கறிக்குழம்பு மாதிரிதான் செரிக்கும். அமெரிக்காவுல வைட்டமின் சி 500 மில்லிகிராம், இ 400 யூனிட், உடம்புல வைட்டமின் ஏ-வா மாறுற பீட்டா கரோட்டின் 15 மில்லிகிராம் கொடுத்துப் பல வருஷம் பார்த்தாங்க. 2001-ல வந்த முடிவு: கண்புரைக்குப் பலனில்ல. பீடி, சிகரெட் பிடிக்கிறவங்க பீட்டா கரோட்டின் மாத்திரை பக்கமே போகாதீங்க. பின்லாந்துல தினம் 20 மில்லிகிராம் எடுத்த புகைப்பிடிக்கிற ஆண்கள்ல நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடிச்சு.

ரத்தப் பரிசோதனையில வைட்டமின் பி-12, இரும்பு, வைட்டமின் டி குறைவுன்னு தெரிஞ்சா அதை மட்டும் டாக்டர் சொல்ற அளவுல எடுங்க. பாத்தியில இறங்கும்போது புற ஊதாக்கதிரைத் தடுக்கிற யுவி-400 கண்ணாடியும் அகல விளிம்புத் தொப்பியும் வேணும். வெறும் கறுப்புக் கண்ணாடி போட்டா கண்மணி விரிஞ்சு, தடுக்காத புற ஊதாக்கதிர் இன்னும் உள்ள போகும்.

[காட்சி: உப்பு வாரும் தொழிலாளர்கள்.]

உடம்பு வெயிலுக்குப் பழகுறதுலயும் காவல் புரதங்களுக்குப் பங்கு உண்டு. வேர்வையும் ரத்த ஓட்டமும் கூடவே மாறும். ஆனா இதுக்கு ஒன்றிரண்டு வாரம் ஆகும். சித்திரை வெயில்ல புதுசா வர்றவங்க எட்டு மணி நேர வேலையில முதல் நாள் ஒன்றரை மணி நேரம் மட்டும் வெயில்ல நில்லுங்க. அடுத்தடுத்த நாள் அதே அளவு கூட்டுங்க. பேச்சு குழறினா அது பழக்கம் இல்ல, வெப்பத் தாக்கு. உடனே தண்ணி ஊத்திக் குளிர வச்சுக்கிட்டே 108-ஐக் கூப்பிடுங்க.